பட்டன் டப்பாவில் ஒரு பல்செட்

விமானம் காலை ஒன்பது நாற்பதுக்குத் தரையிறங்கியது. அடுத்தது மாலை ஆறரைக்கு. கூட வந்தவர்கள் கால் நீட்ட நாற்காலியும் போன் சார்ஜ் போட இடமும் தேடி ஓட, அவள் மட்டும் தகவல் மேசைக்குப் போய், வெளியே போய்வர முடியுமா என்று கேட்டாள். பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போய்விடும், நாலரைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்றார்கள். அவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, இந்த முகவரிக்கு எந்த ரயில் என்றாள். மேசைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய ஊரில் பார்க்க எத்தனையோ இருக்க, பல் டாக்டரையா பார்க்கப் போகிறீர்கள் என்றார். வலியா என்றும் விசாரித்தார்.

"வலிதாங்க. ஆனா பல்லுல இல்ல."

இருபத்திரண்டு வருடமாக அவள் பல் செய்கிறாள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு பெட்டியில் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ஈறு நிறத்தில் தட்டு வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். இதற்கென்று எங்கேயும் படித்தவளல்ல. பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். பட்டறையில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர். அவளைவிட மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆயிரக்கணக்கான வாய்க்குப் பல் கொடுத்தவள், அதில் ஒரு வாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. பஸ்ஸில் யாராவது சிரித்தால் இது நம்முடையதோ என்று எட்டிப் பார்ப்பாள். அதனாலேயே அவளோடு வெளியே வர அவள் கணவனுக்குக் கூச்சம்.

ஐந்து மாதமாக ஒரு பல்செட் அவளைத் தூங்கவிடவில்லை. இந்த ஊர் கிளினிக்கிலிருந்து வந்த வேலை. மேலும் கீழும் முழு செட். மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்று தடவையும் சீட்டில் ஒரே வரி: கழன்று விழுகிறது. அவள் விளிம்பை உயர்த்தினாள், தட்டைப் புதிதாக வார்த்தாள், கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தாள். நான்காவது பெட்டி போய்ப் பத்து நாள் ஆகிறது. நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை.

இதற்கு முன் அவள் கை வேலை இப்படித் திரும்பியதே இல்லை. கை போய்விட்டது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். எழுதுபொருள் கடை வைத்திருக்கும் தங்கை, புழுதி தின்றது போதும், என் கடையில் வந்து உட்கார் என்று வருடக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையைப் பார்த்துச் சம்மதம் சொல்லத்தான் இந்தப் பயணமே. சொல்வதற்கு முன் அந்த நான்காவது செட் என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும். அதுவும் உட்காரவில்லையென்றால், அவளும் மேசையைக் காலி செய்துவிட்டுத் தங்கையிடம் போய்விடுவாள்.

பதினோரு வருடமாகப் பெட்டிகளில் எழுதி ஒட்டிய முகவரி. பளபளவென்று பெரிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்தே பார்க்காமல் ஒரு படிவத்தை நீட்டி, எந்தப் பல் என்றாள். அவள் செட்டின் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

டாக்டரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இத்தனை வருடம் இவளோடு போனில்கூடப் பேசியறியாதவர், ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த ஆள் ஒரு தையல்காரர், ரொம்பப் படுத்துகிறார் என்றார். இங்கே உட்கார்ந்து பேசுவாராம், ஆப்பிளைக் கடித்துக் காட்டுவாராம், எல்லாம் சரியாக இருக்குமாம். வீட்டுக்குப் போனதும் கழன்று விழுகிறது என்று வருவாராம். நான்காவது செட்டை வாங்கிக்கொண்டு போனவர் இந்தப் பக்கமே வரவில்லை. மனப்பிரமையாக இருக்கும் என்பது டாக்டரம்மாவின் கட்சி. கடை இரண்டு தெரு தள்ளித்தான், போய்ப் பார்ப்பதென்றால் பாருங்கள் என்றார்.

கடை நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருந்தது. வாசலோரம் தையல் மெஷினில் மனைவி. உள்ளே ஒரு பொம்மைக்கு மாட்டிய கோட்டின் முதுகை அறுபது வயதுக்காரர் ஒருவர் பிடித்துப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் வரிசையாகக் குண்டூசித் தலைகள். ஆளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லக்கா தான் யார் என்று சொன்னாள். அவர் காது சிவந்தது. வாய் திறக்கவில்லை. மனைவிதான் மெஷினை நிறுத்திவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். கோட்டுப் பட்டன்களுக்கு நடுவே, மேலும் கீழுமாக, அவள் செய்த பல்செட்.

"இதோ இருக்கும்மா உங்க புள்ள. காலைல கடை திறந்ததும் உள்ள போகும், ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வெளிய வரும்."

வலிக்கிறதா என்று அவரைக் கேட்டாள். இல்லையென்று தலையை ஆட்டினார். மெல்ல முடியவில்லையா? அதற்கும் இல்லை என்றார். பொக்கை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிற மனிதரை அவள் பார்த்தாள். மறுகையில், வாயிலிருந்து எடுத்த ஊசிகள் ஈரமாக மின்னின.

"ஊசிய வாயில வெக்கும்போதா விழுது?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார் கடைசியில். "ஊசிய முழுங்கிடுவ, இனிமே வெக்கவே கூடாதுன்னுடுவாங்க. நாப்பது வருஷமா வாயிலதான் வெக்கிறேன். கைல ஊசி குத்தி வெக்கிற பட்டையெல்லாம் கட்டிப் பாத்தேன், வேலை ஓடல."

"எந்தப் பக்கம்?"

"இடது. கோரைப்பல்லுக்கு முன்னால."

"எத்தனை?"

"கோட்டுன்னா ஏழெட்டு." முதல் தடவையாக அவர் நிமிர்ந்து நின்றார். "கால்சட்டைக்கு நாலு போதும்."

மிச்சத்தை மனைவி சொன்னார். பல் போட்டால் ஊசி நிற்காது, ஊசி வைத்தால் பல் நிற்காது. அதனால் அளவெடுக்க வருகிறவர்களிடம் இவர் வாயே திறப்பதில்லை. நல்லாப் பேசின மனுஷனுக்குக் கொழுப்பு ஏறிடுச்சு என்று வாடிக்கைக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் செட்டைக் கழுவி மாட்டச் சொன்னாள். ஊசியையும் எப்போதும் போல வைக்கச் சொன்னாள். வெளிச்சத்துக்கு அழைத்துவந்து கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். இடது முன்பக்கம் ஊசி கடிபட்டதும், வலது கடைவாயில் மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஒரு சந்து விழுந்தது. அங்கே தாங்க ஆளில்லாமல் மேல்தட்டு சரிந்து இறங்கியது. கால் குட்டையான நாற்காலி ஒரு பக்கம் சாய்வதுபோல. தட்டு சரிதான், பல்லும் சரிதான். பட்டறையில் பிளாஸ்டர் அச்சில் நேராகக் கடிக்க வைத்துப் பார்த்திருக்கிறாள், பக்கவாட்டில் அரைக்க வைத்துப் பார்த்திருக்கிறாள், நான்கு தடவையும் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கத்தில் ஊசிகளைக் கவ்வியபடி ஒரு நாளில் பத்து மணி நேரம் நிற்கும் வாய் அவள் மேசைக்கு வந்ததில்லை. மறுபடி மறுபடி விளிம்பை உயர்த்திக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இங்கே சிரித்தால் தப்பாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

தேய்க்கும் மெஷின் அங்கேதான் இருக்கும், சொல்லாமல் முடியாது என்று இருவரையும் கிளினிக்குக் கூட்டிப்போனாள். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஊசியையா, வாயிலயா என்று இரண்டு தடவை கேட்டார். தையல்காரர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"கூடாதுன்னு நீங்க சொன்னா அவரு ஊசிய விடமாட்டாரு டாக்டர்" என்றாள் பல்லக்கா. "பல்லைத்தான் விடுவாரு. ஐஞ்சு மாசமா விட்டுட்டுத்தான் இருக்காரு."

டாக்டரம்மா உள்ளறை விளக்கைப் போட்டு, தேய்க்கும் மெஷினைக் காட்டிவிட்டு, தானும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மணி ஒன்றே கால். மூன்று இருபதுக்குள் கிளம்பியாக வேண்டும். வலது கடைவாய்ப் பற்களின் மேல் கொஞ்சம் பசை வைத்து உயர்த்தி, வெந்நீரில் போட்டு இறுக வைத்தாள். டாக்டரம்மா அதைத் தையல்காரர் வாயில் மாட்டிப் பார்த்தார். உயரம் கூடிப்போய் இடது பக்கம் ஒட்டவே இல்லை. வண்ணத் தாளைக் கடிக்க வைத்து, கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்தாள். மறுபடி கடி, மறுபடி கறை, மறுபடி தேய்ப்பு. ஏழாவது தடவையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டன. பிறகு கோரைப்பல்லுக்கு முன்னால், ஊசி நழுவாமல் படிய, நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் எடுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் நல்ல பல்லை அவள் வேண்டுமென்றே கீறியது அதுதான் முதல் தடவை. மெருகேற்றும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டாள். நடுங்கவில்லை.

மனைவி குண்டூசி டப்பாவை நீட்டினார். தையல்காரர் ஒன்று, இரண்டு என்று எட்டு ஊசியையும் வரிசையாகக் கவ்வினார். தலையைக் குனிந்தார், நிமிர்ந்தார், தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். தட்டு அசையவில்லை. அவர் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, வலது வாயோரமாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்:

"இதை யாரு தைச்சாங்க? தோள் ஒரு இஞ்ச் பெருசு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மனைவி, வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று அதட்டினார். ஐந்து மாதத்தில் இப்படி அதட்ட வாய்ப்பே வரவில்லையே என்பதுபோல முகம் மலர்ந்திருந்தது.

இது முடிந்த வேலையில்லை என்று பல்லக்கா கண்டிப்பாகச் சொன்னாள். வைத்த பசை நாலைந்து வாரம் தாங்கும். அதற்குள் இதே அளவில் புது செட் அனுப்புவாள். அவர் ஊசியைக் கவ்வியபடி இருக்கும்போதே கடி அளவை மெழுகில் எடுத்து, பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தையல்காரர் விடைபெறும்போது ஏதோ சொல்ல வந்து, ஊசியோடும் இப்போது பேசலாம் என்ற ஞாபகம் இல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரயிலில் நின்றபடி தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை, அக்காவுக்கென்று முதுகு வலிக்காத நாற்காலி வாங்கிப் போட்டிருப்பதாக ஆரம்பித்தாள்.

"நாற்காலில நீயே உக்காரு. நாலு நாள் இருந்துட்டுப் போறேன், திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கு."

"பட்டறைய விடப்போறேன்னு சொன்னியே?"

"சொன்னேன். இன்னிக்குக் காலைல வரைக்கும் சொன்னேன்."

தங்கை முறுக்கிக்கொண்டு போனை வைத்தாள். நேரில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நிற்கும்போது மறுபடி மணி அடித்தது. டாக்டரம்மா. போன வருடம் ஒரு விளையாட்டு வாத்தியார் வேறு பட்டறையில் செய்த செட்டை இரண்டு தடவை திருப்பிவிட்டு, அப்புறம் ஆளையே காணவில்லையாம். டாக்டரம்மாவே தேடிப் பிடித்து இப்போதுதான் பேசினாராம். வாத்தியார் நாள் முழுக்க மைதானத்தில் விசில் ஊதுகிறவராம்.

முன்னால் வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். பல்லக்கா பையைத் தட்டில் வைத்தாள், போனை மட்டும் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"விசில எந்தப் பல்லால கடிச்சுப் பிடிக்கிறாருன்னு கேட்டீங்களா டாக்டர்?"