பீரங்கியின் காதுகள்

துருப்பிடித்த இரும்பைத் தொட்ட கையை மோந்து பார்த்தால் எனக்கு இன்றும் பரங்கிப்பேட்டைக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். யார் எப்போது விட்டுப்போனதோ, அங்கே ஒரு சின்னப் பீரங்கி இருந்தது. அதன் வயிற்றுக்கு இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த உருண்டை முளைகளை நாங்கள் "காது" என்போம். காதுகள் இரண்டு கருங்கல் தூண்களின் குழிவில் பதிந்திருந்ததால், அவ்வளவு கனமான குழாயும் சீசாப் பலகையைப்போல ஏறி இறங்கும்.

நான் வாய்ப்பக்கம் ஏறி உட்கார்ந்தால் குழாய் தாழும். ஃபிட்டர் வேலை முடிந்து வரும் அப்பா பின்பக்கத்தை ஒற்றைக் கையால் அமுக்குவார். கடல் தெரிய மேலே எழும்புவேன். "மகாராணி, கப்பலு ஏதாச்சும் தெரியுதா?" என்பார். தெரியுது என்று வாய் கூசாமல் புளுகுவேன்.

எனக்கு ஏழு வயதில் அப்பா "சபுர்" போனார். வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அதன்பின் நான் ஏறினால் குழாய் தாழ்ந்தது தாழ்ந்தபடியே கிடக்கும். ஒருநாள் எதிர்வீட்டு சபீனா வந்து, "நான் அமுக்குறேன், நீ குந்து" என்றாள். "போடி, அது எங்கப்பா எடம்" என்று விரட்டிவிட்டேன். திமிர்தான், வேறென்ன! அவள் மறுபடி வரவேயில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் வரவில்லை. அப்பா வருவதற்குள் இறுகிவிடக்கூடாதே என்று வாரந்தோறும் காதுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். "தலைக்கு வெக்கிற எண்ணெய பீரங்கிக்கு ஊத்துறியே, கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அம்மா கத்துவாள்.

மூன்று வருடம் கழித்து விடுமுறையில் வந்த அப்பா அமுக்கியபோது காதுகள் வழுக்கிக்கொண்டு திரும்பின. "இத்தினி நாளா யாரு அமுக்கிவுட்டா?"

"யாருமில்லப்பா."

"ஒரு கூட்டாளிகூடவா இல்ல?" என்றார். அன்று கப்பலைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. சபீனாவும் கல்யாணமாகிச் சபுர் போய்விட்டாளாம். போன மாதம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். பீரங்கிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, காதுகளைச் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். பின்பக்கம் போய் நின்று இரண்டு கையாலும் அமுக்கினேன். அசையவில்லை. "குந்துடி சபீனா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.