வெறுங்காற்றுக்குத் துள்ளிய கோடு

என் தங்கச்சி பிரஷாந்தினி ஈயின் கொம்பை வெட்டுகிறாள். அரசாங்கம் அதற்குச் சம்பளம் கொடுக்கிறது. தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் இறப்பர் தோட்டத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் சொல்வதை நிறுத்தப் போவதில்லை.

மாம்பழத்தையும் கொய்யாவையும் துளைத்து முட்டையிடும் பழ ஈக்கு, தலையிலிருக்கும் உணர்கொம்புதான் மூக்கு. காற்றில் வரும் வாசத்தை அந்தக் கொம்புக்குள் ஒரு புரதம் பிடித்து நரம்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்குமாம். எந்தப் புரதம் எந்த வாசத்தைச் சுமக்கிறது என்று தெரிந்துவிட்டால், மருந்து அடிக்காமலே ஈயை ஏமாற்றிப் பொறியில் விழுத்தலாம். எம்பிலிப்பிட்டியவுக்குப் பக்கத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நுஸ்ஹா மிஸ் அதைத்தான் தேடுகிறார். கொம்பை உயிர் போகாமல் வெட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பொருத்தி, வாசத்தை ஊதுவார்கள். வாசம் பட்டால் திரையில் கோடு துள்ளும்.

வெட்டுவது பிரஷாந்தினி. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் இரண்டு வருஷம் என்னோடு இறப்பர் பால் வெட்டியவள். பட்டையை மட்டும் சீவ வேண்டும், மரத்தில் கத்தி படக் கூடாது. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் சேர்ந்து மூன்று வருஷமாகியும் வேலை தற்காலிகமாகவே இருந்தது. போன வருஷம் புரட்டாசி கழிந்ததும் நேர்முகம் என்றார்கள். தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் பால் வாளி.

புரட்டாசி முழுக்க அவள் விரதம். விடியலில் குளித்து, பெருமாள் படத்துக்கு வைத்த துளசியில் கொஞ்சம் தலையில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். அந்த மாதம் கோடுகள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடின. வெறுங்காற்றை ஊதினாலும் துள்ளின. நுஸ்ஹா மிஸ் கம்பியை மாற்றிப் பார்த்தார், கருவியைக் கழற்றிப் பூட்டினார். கடைசியில் கருவிதான் பழசு என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒருநாள் பிரஷாந்தினி ஈக்கூண்டுக்கு இரை வைக்கக் குனிந்தபோது, ஆண் ஈக்கள் எல்லாம் அவள் தலைப்பக்கத்து வலையில் வந்து அப்பிக்கொண்டன. துளசியை எடுத்து மறுபக்கம் பிடித்தாள். அங்கே ஓடின. உடனே எனக்குப் போன்.

"அக்கா, என் தலையில இருக்க துளசிதான்கா. ஆம்பள ஈ மயங்குற வாசம் அதுலயே இருக்கு. ஒரு மாசத்து வேல வீணாப் போச்சு."

"மெஷின் பழசுன்னு மிஸ்ஸே சொல்லிட்டாங்கல்ல? நேர்முகம் முடியிற வரைக்கும் பேசாம இருடி!"

"அப்ப அந்தப் பொய்யத்தானே அவங்க எழுதுவாங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். மூன்று வருஷ உழைப்பை ஒரு கொத்துத் துளசிக்காகக் கொட்டிக் கவிழ்க்கப் போகிறாளே!

மறுநாள் அவள் சொல்லிவிட்டாள். மிஸ் ஒரு துளசி இலையைக் கொம்புக்குப் பக்கத்தில் பிடித்தார். கோடு துள்ளியது. இலையை வெளியே வீசிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, வேறொரு கொம்பைப் பொருத்தினார். வெறுங்காற்றுக்குக் கோடு அசையவில்லை.

"இந்த மாச வேலை அவ்வளவும் போச்சு பிரஷாந்தினி. நேர்முகத்துல கேட்டா நான் மறைக்க ஏலாது."

"மறைக்க வேணாம் மிஸ்."

நேர்முகத்தில் கொழும்பிலிருந்து வந்த பெரியவர் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாராம். பக்கத்தில் இருந்த நுஸ்ஹா மிஸ்தான் எனக்குச் சொன்னார். ஒரு மாத ஆராய்ச்சியைப் பாழாக்கியது நீங்கள்தானா என்று அவர் சிங்களத்தில் கேட்க, ஆமாம் என்றிருக்கிறாள்.

"எல்லாரும் கருவி மேல பழி போட்டுட்டாங்களே. நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?"

என் தங்கச்சி அவருடைய சிங்களத்திலேயே பதில் சொன்னாள்.

"ஈக்குத் தெரிஞ்சிருந்துச்சே சேர்."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. அவள் என் பேச்சைக் கேட்காமல் போனதற்காக அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெருமைப்பட்டேன்.