முதல் பலி

ஓவியருக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார், பென்சிலைச் சீவுவார். கல்யாணமான புதிதில், அவர் மாதக்கணக்கில் வரைந்து வைத்திருந்த பக்கங்களை மனைவியின் அண்ணன் எடுத்துச் செருப்பு அலமாரியில் விரித்துவிட்டார். கேட்டதற்கு, "சும்மா கிடந்துச்சு மாப்ளே" என்றார்.

அடுத்து வந்த படக்கதையில், கல்லறையிலிருந்து எழுந்த பிணம் பழிவாங்கிய முதல் ஆளுக்கு இரட்டைத் தாடை, மூக்கின்மேல் மச்சம். சேற்றில் இழுபட்டுச் செத்தான். மச்சானுக்குப் புத்தகம் என்றாலே கொட்டாவி வரும் என்பதால் குட்டு உடையவில்லை.

பதினெட்டு வருடம் கழித்து அந்தக் கதை சினிமாவானது. புத்தகத்தில் உள்ள முகமேதான் வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். ஓவியர் வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த மச்சானைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓவியர் புத்தகத்தை மறைக்கப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்த மச்சானோ, "என்னை மனசுல வச்சே வரைஞ்சிருக்காரு" என்று பூரித்துப்போனார்.

படப்பிடிப்பில் பிணம் அவரைக் காலைப் பிடித்துச் சேற்றில் இழுத்துப் போனது. மூன்றாவது தடவையே இயக்குநருக்குத் திருப்தி. மரியாதைக்காக ஓவியர் பக்கம் திரும்பி, "நீங்க வரைஞ்ச மாதிரி வந்துடுச்சா சார்?" என்றார்.

மச்சான் வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு ஆவலோடு பார்த்தார்.

ஓவியர் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். "மச்சான் நல்லாத்தான் சாகுறாரு," என்றார். "இன்னும் ஒரு நாலு தடவை செத்துப் பாக்கட்டுமே."