வேற்றுக்குளத்து மாப்பிள்ளைகள்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தங்கள் மீன் பண்ணையில் சாதா கெண்டை மீனின் முட்டைகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்ததுதான். ஒரு கிண்ணத்துக்கு ஓர் ஆண் மீனின் விந்து. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் துடிப்பான ஒரே ஆண் அத்தனை முட்டைகளையும் வளைத்துப்போட்டுவிடும். மற்றவற்றின் வம்சம் அத்தோடு சரி.

"இவன் ராஜா மாதிரி இருக்கானே, இவன் ஒருத்தனே போதாதாம்மா?" என்று சீண்டினாள் மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மகள்.

"உங்கப்பாவும் ராஜா மாதிரிதான் இருந்தாரு. அதுக்காக ஊரே அவரு மூக்கோட அலையணுமா?"

"என் மூக்குக்கு என்னடி கொறச்சல்?" என்றார் வலையை உலர்த்திக்கொண்டிருந்த அப்பா.

குஞ்சு வாங்க வருகிறவர்கள் கொழுத்த மீன்களின் குஞ்சுகளையே கேட்டார்கள். மெதுவாக வளர்பவற்றைத் தண்டச்சோறு என்றார்கள். "நாளைக்கு ஒரு நோய் வந்தா எது தாங்கும்னு யாரு கண்டா? எல்லாம் இருந்துட்டுப் போகட்டும்" என்று அவற்றுக்கும் தீனி போட்டாள் அம்மா.

அப்படியும், பண்ணை மீன்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமாகிவிட்டதை மகளின் பரிசோதனை காட்டியது. வெளியிலிருந்து ஆண்கள் வராவிட்டால் வம்சம் நொடித்துப்போகும். அம்மா உடனே ஆற்றோரப் பண்ணைக்காரரிடம் பேசி முடித்தாள்.

"வெள்ளிக்கிழமை போய் மாப்பிள்ளைங்களக் கூட்டிட்டு வரேன். வந்ததும் மூஞ்சியச் சுளிக்காதீங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

புதன்கிழமை அவள் இதயம் நின்றுவிட்டது. அந்த ஆண் கெண்டைகள் இன்னும் ஆற்றோரப் பண்ணையில்தான் இருக்கின்றன.