கல்யாண ஓலை

ஆலத்தியூருக்கு சிமெண்ட் ஆலை வேலைக்குப் போன என் கணவன், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். போன தவக்காலத்தில் என் மாமியார் தேடி வந்தார்.

"அவள மாதா கோயில்ல வச்சுக் கட்டிக்கணும்ங்கிறான். நீ உயிரோட இருக்கிற வரைக்கும் பூசையில கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன்னு சாமியார் சொல்லிட்டாரு. உங்க கல்யாணம் செல்லாதுன்னு எழுதிக் குடுத்துடும்மா."

"சாவு பிரிக்கிற வரைக்கும்னு பீடத்துக்கு முன்னாடி சொன்னோம் அத்தை. நான் சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்" என்றேன்.

ஞாயிறுதோறும் தாலி வெளியே தெரிய முதல் வரிசையில் உட்காருகிறேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று யார் யாருக்கோ ஓலை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறேன். பிறகு முழங்காலில் நின்று, முழு மனதோடு, என் ஆயுளுக்காக மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.