நாலு ஆன்டெனாவும் ஒரு காதுகுத்தும்

டவர் வேலை பார்ப்பவனுக்குச் சொந்தக்காரர்களே இருக்கக் கூடாது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காரும் முன்பே, சிக்னல் ஏன் வரவில்லை என்ற விசாரணை ஆரம்பித்துவிடும்.

என் மனைவியின் ஊர் சித்தேரி மலையில் இருக்கிறது. எதிர்க் குன்றின் டவரில் சமீபத்தில் நாலு ஆன்டெனா மாட்டினார்கள். வேகம் நாலு மடங்காகும் என்று ஊரே நம்பியது. டவுனில் என்றால் ஓரளவு ஆகும். அங்கே அலைகள் கட்டடங்களில் மோதிப் பல வழிகளில் வந்து சேரும். ஆன்டெனாக்கள் அவற்றைப் பிரித்தெடுத்து, வழிக்கொன்றாக ஒரே நேரத்தில் தகவல் அனுப்பும். இங்கே நடுவில் வெறும் பள்ளத்தாக்கு. வருவது ஒரே நேர்வழி. வீட்டுக்கு நாலு வாசல் வைத்தாலும் வெளியே இருப்பது ஒற்றையடிப்பாதை என்றால் என்ன செய்வது? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மாமனார் கேட்கவில்லை. துபாயில் வேலை செய்யும் மகனுக்குப் போன் போட்டு, "நீ அலையாத சாமி. நாலு ஆன்டெனா வெச்சிருக்காங்க. காதுகுத்த வூட்லருந்தே வீடியோவுல காட்டறோம்" என்று சொல்லிவிட்டார். என் மகளுக்கு ஒரே தாய்மாமன் அவன். அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மனைவி அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

காதுகுத்து அன்று மாமனார் மடியில் குழந்தை, எதிரே போனில் மாமன். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வீடியோ அனுப்பி, இருந்த ஒற்றைப் பாதையையும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனது. "எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது.

"ஏதாச்சும் பண்ணுங்க. டவர்லதான வேல பாக்கறீங்க?" என்று மனைவி அழுதாள்.

எனக்கு ஆத்திரத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. என்னால் ஆகாத ஒன்றை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விட்டேன். குரலுக்குக் கொஞ்சம் இடம் போதும். போனைக் குழந்தையின் அருகே பிடித்தேன். ஊசி இறங்கியது. வீறிட்டாள்.

குரலும் போயிற்றோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன்.

"கேக்குதுப்பா" என்றான் மச்சான். "எனக்கு ஊருக்கு வர லீவு குடுத்திருந்தாங்க. நீங்க வேணாம்னீங்கன்னு ரூம்லயே உக்காந்திருக்கேன்."