குழாயில் விழுந்த அடி

ஊரார் இன்றும் பூசணிக்காய்க்குத்தான் பெருமை கொடுக்கிறார்கள். அந்தக் குழாயைக் காப்பாற்றியது பூசணிக்காய் அல்ல, நான்.

ஐம்பதுகளில், கெலமங்கலத்தை ஒட்டிய எங்கள் ஊரில், பாகம் பிரித்த பிறகும் எங்களுக்கும் என் கணவரின் அண்ணன் வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். இரண்டு வீடும் சேர்ந்து ஆயில் இன்ஜின் வைத்து, மேட்டு நிலத்துக்கு இரும்புக் குழாய் போட்டோம். இன்ஜின் ஆண்கள் பொறுப்பு. மேலே குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் தண்ணீர் முறை மாற்றுவது எனக்கும், அண்ணன் மனைவியான என் ஓரகத்திக்கும் வேலை. பாகம் பிரித்த நாளோடு எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது.

பக்கத்துப் பாறையின் நிழல் தரையில் கீறி வைத்த கோட்டைத் தொட்டால் முறை மாறும். முறை வருகிறவள்தான் அடுத்தவள் பக்கத்தை அடைக்க வேண்டும். மண் வாய்க்காலில் ஒரு மண்வெட்டி மண்ணைச் சட்டென்று போட்டு மடையை அடைப்பவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அப்படியே குழாய்க்கும் கொண்டுவந்தோம். அடுத்தவள் பக்கத்துக் குழாய்க் கதவின் கைப்பிடியை ஒரே இழுப்பில் இழுத்து அடைத்துவிட்டுத்தான் சொந்தப் பக்கத்தைத் திறப்போம். உடனே உள்ளே சம்மட்டியால் அடித்த மாதிரி சத்தம் கேட்கும். இரண்டு தடவை இணைப்பு பிளந்துவிட்டது. கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்தார்கள். இன்னொரு தடவை பிளந்தால் மாற்ற இணைப்பு இல்லை. உருளைக்கிழங்கு கிழங்கு பிடிக்கும் சமயம், இரண்டு வீட்டுக்கும் அந்த வருஷம் அதுதான் சோறு.

ஒரு நாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் இழுத்தேன். கைப்பிடி மெல்லத்தான் வந்தது. சத்தமே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஓடி வருகிற தண்ணீரின் முகத்தில் கதவைச் சாத்தினால் அது இடிக்கத்தானே செய்யும்?

ஆனால் மெல்ல அடைத்தால், அடைகிற வரைக்கும் என் முறைத் தண்ணீர் அவள் நிலத்தில் பாயும். பாயட்டும் என்று அடுத்த முறை அவள் பார்க்கவே மெல்ல அடைத்தேன்.

"கையில பெலமில்லாதவங்க எல்லாம் முற மாத்த வந்துட்டாங்க" என்று வேலியைப் பார்த்துச் சொன்னாள்.

நானும் வேலியிடமே சொன்னேன். "மெல்ல சாத்துனா கொழா இடிக்கல. காது இருக்கறவங்க கேட்டுக்கட்டும்."

அவள் முறை வந்தது. அவள் கைப்பிடியைத் தொட்டாள். எனக்குத் தெரிந்தது போதாது, அவளும் நம்பினால்தான் குழாய் பிழைக்கும்.

கொஞ்சம் இழுத்தாள். குழாயில் காதை வைத்துக் கேட்டாள். மறுபடி கொஞ்சம் இழுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. அவள் முறைத் தண்ணீர் எங்கள் கடைசிப் பாத்தியையும் நிறைத்து வரப்பைத் தொட்டது. அப்போதும் அவள் அவசரப்படவில்லை. சொட்டுத் தண்ணீருக்குச் சண்டை போட்டவள் நான், வேலியை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"போதும்க்கா, சாத்திடு" என்றேன்.